சுகப்பிரசவம் என்று சொன்னார்கள்

அந்தப் பெண் ஓடப்போகிறாள் என்று மாரிசெல்விக்கு முன்பே தெரிந்துவிட்டது. டிக்கெட் கேட்டதும் கைப்பையைத் துழாவுகிற சாக்கில் அவள் இடது காலைச் சற்றுப் பின்னால் இழுத்து, உடம்பின் பாரத்தை முன்பாதத்துக்குக் கொண்டுவந்தாள். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக் கபடி ஆடி வளர்ந்தவளுக்கு அது போதும். குர்லா ஸ்டேஷனில் சாயங்காலக் கூட்டம் படிக்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். மாரிசெல்வியின் உடம்பும், அவளைக் கேட்காமலே, பின்னால் பாய்ந்தது. நாலைந்து எட்டுதான். அடிவயிற்றுக்குக் கீழே எதுவோ பிடிமானம் விட்டுச் சரிந்தது. கூடவே தொடையில் சூடாக இறங்கியது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். மேல்படியில் அந்தப் பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். துரத்தி வந்தவள் ஏன் நின்றாள் என்று அவளுக்கே விளங்கவில்லை போலிருந்தது.

கூட வேலை பார்க்கும் நகுல் பக்கத்தில் வந்து, நேஷனல் பிளேயர் போயும் போயும் ஒரு காலேஜ் பெண்ணை விட்டுவிட்டாளே என்று இந்தியில் சிரித்தான். அவளும் சிரித்தாள். வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிக் கறுப்புக் கோட்டைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். டிக்கெட் பரிசோதகர்களான டிசிகளின் அறைக்கு நடந்துபோகிற தூரம் முழுக்க, கால்களுக்கு நடுவில் கோழிமுட்டை போல ஒன்று உரசிக்கொண்டே வந்தது. அவளுடைய மகன் நிகில் பிறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகப்போகச் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

அவள் தாராவியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தார்கள். மைதானத்தில் மராட்டிப் பெண்கள் கபடி ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை, ஆள் குறைந்த ஒரு நாளில் அவர்கள் உள்ளே கூப்பிட்டார்கள். அன்று முதல் அவள் வெளியே வரவில்லை. அவள் பாடிப்போனால் எதிரணியில் பாதிப்பேர் கோட்டை ஒட்டி ஒதுங்கிவிடுவார்கள். இரண்டு பேர் காலைக் கட்டிப் பிடித்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொடுவாள். மகாராஷ்டிரா அணிக்கு ஆடினாள். அதை வைத்து ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஆடுகிற கால் இருக்கும்வரை கல்யாணம் வேண்டாம் என்று தள்ளித் தள்ளிப்போட்டு, முப்பது தாண்டியபிறகுதான் சுடலைக்கண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவன் தேவ்நாரில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவள் ஆட்டம் எதையும் அவன் பார்த்ததில்லை. ஆனால் அவள் வாங்கின கோப்பைகளை, கல்யாணத்துக்கு மறுவாரமே, ஒரு கண்ணாடி அலமாரி செய்து அவன்தான் அடுக்கி வைத்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முப்பத்திநாலாவது வயதில் உண்டானாள். ஆறாம் மாதத்தில் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் மாதத்து ஸ்கேனில் பிள்ளை பெரியது என்று தெரிந்தது. ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாமியார் சொர்ணம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடியிருந்த கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், பிறந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேல் அடுத்த தெரு நர்சிங் ஹோமில் பிறந்தவை. அந்த டாக்டரம்மா கைராசிக்காரி. ரயில்வே ஆஸ்பத்திரியில் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். சொர்ணம்மாள் கத்தி என்கிற சொல்லைச் சொல்லும்போது உதட்டை ஒருபக்கமாக இழுத்துக்கொள்வாள். "ஒனக்கென்னட்டி, ஏழு பேரு சேந்து அமுக்குனாலும் கோட்டத் தொட்டவ. ஒத்தப் பிள்ளையத் தள்ள முடியாதா?" என்றாள். கல்லியில் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாரிசெல்விக்கும் அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

நர்சிங் ஹோமில் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு முக்கச் சொன்னார்கள். அவள் மூச்சைப் பிடித்து முக்கினாள். மூச்சு அவளுக்குப் பழகிய சமாச்சாரம். பாடிப்போகிறவளுக்கு மூச்சுதான் உயிர். ஒவ்வொரு வலியிலும், இதோ கோடு, இதோ கோடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் வெயில் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, விளக்குப் போடும் நேரம் வந்தது. பிள்ளை இறங்கவில்லை. டாக்டரம்மா ஒருதரம் வெளியே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பேச்சுக்குரல் கேட்டது. சுடலைக்கண்ணனின் குரல், அதை மறித்து மாமியாரின் குரல். என்ன பேசினார்கள் என்று பிடிபடவில்லை. திரும்பி வந்தபோது டாக்டரம்மா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. ஆயா அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் ஊன்றிப் படுத்துவிட்டாள். பிறகு உள்ளே ஏதோ வலதுபக்கமாகக் கிழிந்தது. துணியைக் கிழிக்கிற மாதிரி அல்ல. வேரோடு செடியைப் பிடுங்கும்போது மண் விடுகிற மாதிரி. அவள் அலறியது கீழே தெருவரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. கன்னத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. நாலு கிலோவுக்கு மேல் எடை. முகம் மேலே பார்த்தபடி வந்தான், வானத்தைப் பார்த்துப் பிறந்த ராஜா என்று நர்ஸ் சொன்னாள். சொர்ணம்மாள் பேடா டப்பாவைத் தூக்கிக்கொண்டு கல்லி முழுக்கப் போய்வந்தாள். வீடு வீடாக அவள் சொன்ன வாசகம் ஒன்றுதான். "சுகப்பிரசவம். நாலு கிலோ. கத்தியே படல."

பத்தாம் நாள் குளிக்கக் குந்தியபோது மாரிசெல்வியின் கைக்கு அது தட்டுப்பட்டது. பயந்துபோய் மாமியாரிடம் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றாள் சொர்ணம்மாள். நர்சிங் ஹோமில், தையல் ஆறிவிட்டது, எல்லாம் நார்மல் என்றார்கள். தும்மினால் நனைந்தது. சிரித்தால் நனைந்தது. நிகிலைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டான மாளாவுக்கு ஏணியில் ஏறினால் அடி இறங்கியது. சுடலைக்கண்ணன் ராத்திரி பக்கத்தில் வந்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. வேலைக்குத் திரும்பியபிறகு நாப்கின் இல்லாமல் வெளியே போனதில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கக்கூஸ் எங்கே, எது பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. மைதானத்துப் பக்கம் போவதை நிறுத்தினாள். புதுப் பெண்களுக்குச் சொல்லித்தர வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது, பிள்ளை சின்னவன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

குர்லா படிக்கட்டு நடந்த மறுவாரம், ரயில்வே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டோடு செம்பூரில் டாக்டர் பத்மஜாவைப் பார்க்கப் போனாள். சுடலைக்கண்ணன் லீவு போட்டுவிட்டு நிகிலைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முதலில் முகத்தில் தெரிந்தது. கையால் சோதித்துப் பார்த்து, பிறகு ஸ்கேன் திரையைப் பார்த்தபோது அது போய்விட்டது.

"இடுப்பெலும்புக்குக் கீழே, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும், தூளி மாதிரி ஒரு தசை கட்டியிருக்கும். மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாம் அது மேலதான் உக்காந்திருக்கு. உங்களுக்கு வலது பக்கம் அது எலும்பை விட்டே பிஞ்சு வந்துடுத்து," என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் பிரசவத்தில் வயது என்ன. பிள்ளை எவ்வளவு எடை. முக்க ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆனது. பிள்ளையின் முகம் கீழே பார்த்து வந்ததா, மேலே பார்த்தா. ஆயுதம் போட்டார்களா. மாரிசெல்வி பதில் சொல்லச்சொல்ல டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாள். ராஜா என்று நர்ஸ் சொன்னதை மாரிசெல்வி சொன்னபோது ஆட்டவில்லை.

"இதுல ஒண்ணு இருந்தாலே ஜாக்கிரதையா இருக்கணும். உங்களுக்கு எல்லாமே சேர்ந்து இருந்திருக்கு. ஆயுதம்தான் அதுல பெரிசு."

"நான் ரொம்ப பலமா முக்கிட்டனா டாக்டர்? கபடி ஆடுன உடம்பு. அதனாலயா?"

"இல்லை. நீங்க பண்ணின தப்புன்னு இதுல ஒண்ணும் கிடையாது."

பிய்ந்ததைத் திரும்ப ஒட்டவைக்க நல்ல வழி இல்லை என்றாள் டாக்டர். மிச்சம் இருக்கிற தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். உள்ளே தாங்கிப்பிடிக்க ஒரு வளையம் வைக்கலாம். பிற்பாடு அடி இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தாலும் இந்த மாதிரிக் காயம் உள்ளவர்களுக்குத் திரும்ப இறங்குகிற வாய்ப்பு அதிகம். கனமாக எதையும் தூக்கக் கூடாது. மாரிசெல்வி, ஓடலாமா என்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "முன்ன மாதிரி ஓடலாம்னு நான் சொன்னா அது பொய்," என்றாள்.

எழுந்திருக்கும்போது டாக்டர் இன்னொன்றும் கேட்டாள். "அன்னிக்கு, ஆயுதம் போடறதுக்கு முன்னாடி, சிசேரியன் பண்ணலாமான்னு உங்ககிட்ட யாராவது பேசினாளா?"

"இல்ல. ஒண்ணும் சொல்லல."

"அந்தக் கட்டத்துல சிசேரியனும் லேசான காரியம் இல்லை. அதுலயும் ஆபத்து உண்டு. எது சரியா இருந்திருக்கும்னு இப்போ உக்காந்துண்டு நான் சொல்ல முடியாது. ஆனா உங்களைக் கேட்டிருக்கணும்."

சுடலைக்கண்ணன் குனிந்து நிகிலின் காலுறையை இழுத்துச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. மாரிசெல்வி அவன் கையையே பார்த்தாள்.

பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தது. நிகில் அப்பா மடியில் தூங்கிவிட்டான். சயான் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு டாக்டரம்மா வெளிய வந்து ஒங்கள்ட்ட என்ன சொன்னா?"

"ரெண்டு வழி இருக்குன்னா," என்றான். "ஆபரேஷன், இல்லன்னா ஆயுதம். ஆயுதம் போட்டா கிழியலாம்னா. ஒடனே சொல்லுன்னா. எனக்குக் கையி காலு ஓடல செல்வி. அம்மாவப் பாத்தேன். அம்மா ஆபரேஷன் வேண்டாம்னுட்டா. எங்க பெரியத்த ஆபரேஷன் மேசையிலயே போய்ச் சேந்தவ. அதான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. சரி, ஆயுதமே போடுங்கன்னுட்டேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"என்ன?"

"நீங்க மூணு பேரும் பேசும்போது நான் எங்க இருந்தேன்? ஊர்லயா இருந்தேன்? ஒரு கதவுக்கு அந்தப் பக்கம்தானே கெடந்தேன்."

"நீ வலியில இருந்த."

"வலியில இருந்தா காது கேக்காதா? வாயி வராதா?"

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். சுடலைக்கண்ணன் பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாகத் திட்டியிருக்கலாம். பஸ் நகர்ந்தது. வீடு வரும்வரை அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

சொர்ணம்மாள் வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். சொர்ணம்மாள் மறைக்கவில்லை.

"ஆமா. நாந்தான் வேண்டாம்னேன். வயித்தக் கிழிச்சா ஆறு மாசம் குடம் தூக்க முடியாது. அடுத்த பிள்ளைக்கும் கத்திதான். இப்ப என்ன கொறஞ்சு போச்சு? பிள்ள நல்லா இருக்கான்லா?"

"எனக்கு அடி எறங்கிருக்கு அத்த. இனிமே சரியாகாதாம்."

"எனக்கு எறங்கல? இவனப் பெத்ததுல இருந்து துணிய மடிச்சு வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் நடமாடுதேன். ஒங்க மாமாவுக்கே தெரியாது. எவள்ட்ட போயிச் சொன்னேன்? எந்த டாக்டர்ட்ட போனேன்?" சொர்ணம்மாள் மீனின் செவுளைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள். "பொம்பளன்னா இருக்கத்தான் செய்யும்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னிய."

சொர்ணம்மாள் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே அலசின மீனையே மறுபடியும் அலசினாள். மாரிசெல்விக்கு மேலே சொல்ல நிறைய இருந்தது. ஆனால் குந்தியிருந்த அந்த உடம்பை, ஒருபக்கமாகப் பாரத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்த விதத்தை, முதல்முறையாகக் கவனித்துப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனாள். கோபம் குறையவில்லை. போக இடமில்லாமல் அப்படியே உள்ளே நின்றது.

அதன்பிறகு வீட்டில் தண்ணீர்க்குடம் எல்லாம் சுடலைக்கண்ணன்தான் தூக்கினான். கல்லியில் ஆண்கள் கேலி பேசியதை அவன் பொருட்படுத்தவில்லை. காலையில் அவள் எழுவதற்குள் பீப்பாய் நிறைந்திருக்கும். அவள் அதற்கு நன்றியாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாளாவில் பிள்ளையோடு படுத்தாள். அவன் கீழே படுத்தான். டாக்டர் சொல்லித்தந்த பயிற்சியைப் படுத்தபடியே செய்வாள். ஒரு காலத்தில் முழு உடம்பையும் நினைத்த திசையில் வளைத்தவள், உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு தசையைச் சுருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இடதுபக்கம் கேட்டது. வலதுபக்கம் யாரும் இல்லாத வீடு மாதிரி இருந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது, சுடலைக்கண்ணனின் தங்கை மானசா தலைப்பிரசவத்துக்குக் கோபர்கைரனேயிலிருந்து வந்தாள். அவளுக்கும் சர்க்கரை. அவள் வயிற்றுப் பிள்ளையும் பெரியது. அவளுக்கும் அதே நர்சிங் ஹோம். மாரிசெல்வி ஒரு மத்தியானம் அவளை மாளாவுக்கு வரச்சொல்லி, தனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும், எப்போது வாய் திறக்க வேண்டும் என்றும் சொன்னாள். மானசா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "மதினி, ப்ளீஸ், பயங்காட்டாதீங்க. எனக்குப் பயமாருக்கு," என்று மொபைலை எடுத்துக்கொண்டாள். மறுநாள் சொர்ணம்மாள் வந்து, சூலியிடம் என்ன பேச வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது என்றாள். மாரிசெல்வி அதற்குப் பிறகு பேசவில்லை.

வலி கண்ட அன்று மழை கொட்டியது. மானசாவின் புருஷன் ஜெயராம் வேலை விஷயமாக உல்லாஸ்நகர் போயிருந்தான். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, ரயில் வழியிலேயே நின்றுவிட்டது. நர்சிங் ஹோம் வராந்தாவில் சுடலைக்கண்ணனும் சொர்ணம்மாளும் மாரிசெல்வியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து, முக்கு, முக்கு என்று ஆயா கத்துவதும் மானசா அழுவதும் மாறி மாறிக் கேட்டன. மத்தியானம் கழிந்து வெகுநேரம் ஆனபிறகு டாக்டரம்மா வெளியே வந்தாள். கையுறையைக் கழற்றாமல், சுடலைக்கண்ணனைப் பார்த்து இந்தியில் பேசினாள். தலை இறங்கவில்லை. ஆயுதம் போட்டு எடுக்கலாம். இல்லையென்றால் ஆபரேஷன். சீக்கிரம் சொல்ல வேண்டும்.

சுடலைக்கண்ணன் மனைவியைப் பார்த்தான்.

மாரிசெல்வி எழுந்தாள். உள்ளே இருக்கிறவளைக் கேளுங்கள் என்று இந்தியில் சொன்னாள். அவளுக்கு இப்போது ஒன்றும் புரியாது என்றாள் டாக்டரம்மா. "புரியும். நானும் அந்த மேசையில படுத்தவதான்," என்று சொல்லிவிட்டு மாரிசெல்வி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆயா மறித்தாள். அவளை ஒதுக்கிவிட்டுப் போவது மாரிசெல்விக்குப் பெரிய காரியமில்லை. மானசாவின் முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. மாரிசெல்வி அவள் காதோடு குனிந்து, இரண்டு வழியையும், இரண்டிலும் உள்ள கெடுதலையும், சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னாள். "ஒன் ஒடம்பு. நீ சொல்லு. என்ன செய்யச் சொல்ல?"

மானசா கண்ணைத் திறந்தாள். எல்லாம் புரிந்த கண்ணாகத்தான் இருந்தது. அவள் மாரிசெல்வியின் தோளுக்கு அந்தப்பக்கம் கதவைப் பார்த்தாள்.

"அம்மா என்ன சொல்லுதாவ?"

மாரிசெல்வி திரும்பினாள். சொர்ணம்மாள் கதவருகில் வந்து நின்றிருந்தாள். மகள் கேட்டது அவள் காதில் விழுந்திருந்தது. அவள் யோசிக்கவில்லை. மூச்சுவிடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆபரேஷன் பண்ணிருங்க டாக்டரம்மா. எம்மக தாங்க மாட்டா."

மானசா தலையை ஆட்டினாள்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். ஜெயராம் முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு வந்துசேர்ந்து, குழந்தையைப் பார்த்து அழுதான். சுடலைக்கண்ணன் டீ வாங்கி வந்து மாரிசெல்வியிடம் நீட்டினான். "நீ சொன்னது வீண் போகல பாத்தியா. அம்மாவே ஆபரேஷன்னுட்டா," என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி, ஏதோ ஒன்று ஈடாகிவிட்டது போல. மாரிசெல்வி டீயை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு மீன் அலசிக்கொண்டிருந்த மாமியார், மருமகள் சொன்னதைக் கேட்டுத்தான் மாறினாளா, அல்லது மேசையில் கிடந்தது மகள் என்பதால் மாறுவதற்கே ஒன்றும் இருக்கவில்லையா? மாமியாரிடம் கேட்டால் தெரியும். எந்தப் பதில் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. டீயில் ஆடை படிந்தது. அவள் அதைக் குடிக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வார்டில் சொர்ணம்மாள் மகளின் கட்டிலைவிட்டு அசையவில்லை. வெந்நீர் ஆற்றிக் கொடுத்தாள், நெற்றியைத் துடைத்தாள், பிள்ளையை அவளே எடுத்து மார்பில் வைத்துவிட்டாள். ஆறு மாசத்துக்கு ஒரு செம்பு தண்ணிகூடத் தூக்கக் கூடாது என்று பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நர்ஸ் வந்து மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு, இனி எழுப்பி நடக்க வைக்க வேண்டும், பிடித்து மெதுவாக உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆயாவைக் காணோம். ஆண்கள் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். மானசா வயிற்றுத் தையலுக்குப் பயந்து, அசையாமல், இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"ஏட்டி செல்வி, அந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கு," என்றாள் சொர்ணம்மாள். "ஒனக்குத்தான் பலம் உண்டு."

மாரிசெல்வியின் முதுகு பழக்கத்தில் குனியத் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினாள். நிமிர்ந்தாள்.

"என்னால முடியாது அத்த."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். சொர்ணம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே குனிந்து, மகளின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். மானசாவின் தலை தலையணையைவிட்டு ஒரு சாண் எழுந்தது. அங்கேயே நின்றது. சொர்ணம்மாளின் முகம் இறுகிக் கறுத்தது. மகளை மெல்லத் திரும்பப் படுக்கவைத்துவிட்டு, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையைச் சேலைக்கு மேலாக அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே நின்றாள். கட்டிலின் இந்தப் பக்கம் மாரிசெல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடுவில் மானசா, நீட்டிய கையை மடக்காமல், அம்மாவையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தாள்.